மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்த வாலிபன்

திண்டிவனத்துக்கு வடக்கே, ஒலக்கூர் பக்கம், சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஓரமாகச் சிறிது நேரம் நின்று பாருங்கள். கார்கள் அம்பு போலப் பறக்கும். பென்ஸ் போகும், பி.எம்.டபிள்யூ. போகும், ஃபோக்ஸ்வாகன் போகும். முன்பக்கத்து அடையாளத்தைப் பார்த்தே இன்ன கம்பெனி வண்டி என்று சொல்லிவிடும் பையன்கள் இன்று ஒவ்வொரு கிராமத்திலும் உண்டு. வண்டியை வேடிக்கை பார்ப்பவர்கள் ஆயிரம் பேர். அதன் மூடிக்குள்ளே என்ன இருக்கிறது, அது ஏன் ஓடுகிறது என்று கேட்பவன் ஆயிரத்தில் ஒருவன்.

நூறு வருஷங்களுக்கு முன்பு கோவை ஜில்லாவில் அப்படி ஒருவன் இருந்தான். கையில் காசில்லை, தலையில் படிப்பில்லை. ஆனால், ஓடும் யந்திரத்தைக் கண்டால் அவனுக்குத் தூக்கம் வராது. பிற்காலத்தில் நாடே வியந்து பார்த்த ஜி. டி. நாயுடுதான் அந்த வாலிபன்.

பள்ளிக்கூடம் கசந்தது

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர் கோயமுத்தூரை அடுத்த கலங்கல் கிராமம். விவசாயக் குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தார்.

அவர் பிறப்பதற்கு ஏழு வருஷங்களுக்கு முன்புதான், 1886 ஜனவரியில், ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமைச் சாசனம் வாங்கியிருந்தார். அதற்கும் ஒரு வருஷம் முன்பு டைம்லர் என்ற இன்னொரு ஜெர்மானியர் மரச்சட்டத்தில் எஞ்சினைப் பொருத்தி, உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளை ஓட்டிக் காட்டியிருந்தார். அதாவது, மோட்டாரும் நாயுடுவும் ஏறக்குறைய ஒரே காலத்துப் பிள்ளைகள்.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் மீதே மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய பையன் என்று அவரைப் பற்றி ஊரில் சொல்வார்கள். ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. தோட்டத்து வேலைக்குப் போனார். அங்கே ஏற்றமும் மாடும் உண்டு; யந்திரம் கிடையாது.

துரையின் வண்டி

ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. ஆனாலும் வண்டி ஓடியது! ஊரார் பயந்து ஒதுங்கினார்கள். துரைசாமி ஒதுங்கவில்லை. பின்னாலேயே போய்ப் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு; அந்த வண்டி தமக்கு வேண்டும்.

நினைத்தால் போதுமா? பணம்? கோயமுத்தூருக்குப் போனார். ஒரு ஓட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். இலை போட்டார், தண்ணீர் வைத்தார், பலகாரம் பரிமாறினார். கிடைத்த சம்பளத்தில் காசு காசாக மிச்சம் பிடித்தார். 400 ரூபாய் சேர்ந்ததும் நேரே அந்த அதிகாரியிடம் போய் வண்டியை விலைக்கு வாங்கிவிட்டார். பவுன் மலிவாக இருந்த காலம் அது. 400 ரூபாய்க்கு நிலம் வாங்கலாம், கல்யாணம் செய்யலாம். இவர் வாங்கியதோ எண்ணெய் நாற்றமடிக்கும் ஓர் இரும்பு வண்டி.

அது ரட்ஜ் என்ற இங்கிலாந்து வண்டி. வேறு யாராக இருந்தாலும் ஏறி ஊர்வலம் வந்திருப்பார்கள். துரைசாமி செய்தது வேறு. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்! ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் பூட்டினார். மறுபடியும் கழற்றினார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வண்டியே வாத்தியார், ஸ்பேனரே எழுத்தாணி.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் எஞ்சின் அதற்கு ஏற்றதுதான். ஒற்றைச் சிலிண்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவதற்குக் கார்புரேட்டர். அந்தக் கலவையைக் கொளுத்துவதற்கு ஒரு பொறி. பாட்டரி இல்லாமல், சுழற்சியிலேயே அந்தப் பொறியை உண்டாக்கிக் கொடுக்கும் சிறு பெட்டிக்கு மாக்னெட்டோ என்று பெயர். முதல் உலக யுத்தத்துக்கு முன்பு இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஜெர்மனியின் போஷ் கம்பெனி மாக்னெட்டோவையே நம்பி ஓடின. 1914-ல் யுத்தம் மூண்டு அந்தச் சரக்கு நின்றதும் இங்கிலாந்து திண்டாடியது. கலவை ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும், பொறி ஓர் இமைப்பொழுது முந்தினாலும் பிந்தினாலும் எஞ்சின் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டைத் தீர்ப்பதுதான் மெக்கானிக்கின் வித்தை. துரைசாமி மெக்கானிக் ஆனார்.

நஷ்டமும் ஒரு பஸ்ஸும்

இடையில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். பணம் வந்தது. பெரிய வியாபாரம் செய்ய எண்ணிப் பம்பாய் போனார். வந்த பணம் போய்விட்டது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

கோவையில் அப்போது ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் செல்வாக்கோடு இருந்தார். அவருடைய உதவி நாயுடுவுக்குக் கிடைத்தது. 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு விட்டார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. வழியில் நின்றுவிட்டால் மெக்கானிக்கும் அவரே.

ஒரு பஸ் பல பஸ்களாயின. அவருடைய பஸ் கம்பெனியின் பெயர் கொங்கு நாட்டில் பிரசித்தி அடைந்தது. யு. எம். எஸ். என்றால் குழந்தைக்கும் தெரியும். சில வருஷங்களில் 200-க்கும் மேற்பட்ட பஸ்கள் அவர் பெயரில் ஓடின.

அன்றைய பஸ்கள் கூட்டம் சேர்ந்தால் புறப்படும்; சேராவிட்டால் புறப்படாது. நாயுடு அந்த வழக்கத்தை உடைத்தார். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நேரத்துக்கு வண்டி கிளம்ப வேண்டும். நேரம் தவறுவது அவருக்குப் பொறாத காரியம். வண்டி நேரத்துக்கு ஓட வேண்டுமானால் எஞ்சின் கோளாறு இல்லாமல் இருக்க வேண்டும். அதற்குப் பட்டறை வேண்டும், கருவி வேண்டும், தேர்ந்த ஆட்கள் வேண்டும். எல்லாவற்றையும் உண்டாக்கினார். கோவையின் யந்திரத் தொழிலுக்கு அந்தப் பட்டறைகளும் ஒரு விதைப் பண்ணை ஆயின.

ஜெர்மனி அழைத்தது

1930-களில் நாயுடு மேல்நாட்டுப் பிரயாணம் புறப்பட்டார். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலம் நடந்தபோது, காமிராவும் கையுமாக நின்று அதைப் படம் பிடித்தார்.

ஜெர்மனியில் அது மோட்டார் பந்தய மோகம் தலைக்கேறியிருந்த சமயம். மெர்ஸிடிஸ் பென்ஸ், ஆட்டோ யூனியன் என்ற இரண்டு கம்பெனிகளும் வெள்ளி நிறப் பந்தயக் கார்களை இறக்கிப் போட்டி போட்டன. நூர்பர்க்ரிங் பந்தயச் சாலையில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள். மோட்டார் சைக்கிளில் தொடங்கிய பெர்ண்ட் ரோஸ்மேயர் என்ற இளைஞர் 1936-ல் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். இரண்டே வருஷங்களில், 1938 ஜனவரி 28-ந் தேதி, நெடுஞ்சாலையில் வேகச் சாதனைக்கு முயன்றபோது கார் தூக்கி எறியப்பட்டு மாண்டார். அப்போது அவருக்கு வயது 28.

நாயுடு பந்தய வீரர் அல்ல. அவருடைய பந்தயம் கடிகாரத்தோடு. ஜெர்மனியில் அவர் கண்ணை இழுத்தது நுட்பம். மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடையும் கடைசல் யந்திரங்களும், சின்னஞ்சிறு மோட்டார்களும் அவருக்கு விருந்து.

அந்த விருந்தில் பிறந்ததுதான் ரஸந்த் என்ற சவர யந்திரம். பாட்டரியில் ஓடும் சிறு மோட்டாரை அதற்குள் வைத்தார். அந்த மோட்டார் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரத்தில் தயாராயிற்று. ரஸந்த் என்றால் ஜெர்மன் மொழியில் மிகு வேகம் என்று பொருள். மோட்டார் பிறந்த நாட்டிலேயே, கலங்கல் கிராமத்துக்காரர் ஒருவர் மோட்டார் வைத்த சாமான் செய்து விற்றார்!

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவின் கூட்டுறவோடு இந்தியாவிலேயே தயாரான மின்சார மோட்டாரைக் கோவையில் வெளிக்கொண்டு வந்தார். அதன் பிறகு கோவைத் தோட்டங்களில் கிணற்று நீரை மேலேற்றியது மாடு அல்ல, மோட்டார். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். பழம் பிழியும் யந்திரம், மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, மோசடி செய்ய முடியாத வாக்குப் பதிவு யந்திரம் என்று அவர் செய்தவை பல.

இரண்டு வருஷம் போதும்

சொந்தப் படிப்பு இல்லாதவர் பிறர் படிப்புக்கு வழி செய்தார். 1945-ல் கோவையில் தோன்றிய ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அவர் முயற்சியால் எழுந்தவை. அன்றைய சென்னை கவர்னரின் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. கல்லூரிக்குப் பிரின்சிபாலாகவும் இருந்தார்.

நாலு வருஷப் படிப்பு எதற்கு, இரண்டு வருஷம் போதுமே என்பது அவர் கட்சி. ஸ்பேனர் பிடித்த கை சீக்கிரம் கற்கும் என்பதைத் தம் அனுபவத்தில் கண்டவர். சர்க்கார் ஒப்பவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரிதான் இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

ஓடாத கார்

அவருடைய வாழ்க்கையில் மனத்தை உறுத்தும் கட்டம் ஒன்று உண்டு. 1952-ல் இரண்டு பேர் அமரக்கூடிய சிறு கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்! சாமானியனும் காரில் போக வேண்டும் என்பது ஆசை.

அந்த ஆண்டு மே மாதத்தில்தான் தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம் அமுலுக்கு வந்தது. பல பொருள்களைச் செய்யச் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும் என்ற காலம் பிறந்தது. நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் மாதிரியோடு நின்றது.

அதே சமயத்தில் ஜெர்மனியில் நடந்தது என்ன? யுத்தத்தில் இடிந்து தரைமட்டமான நாடு அது. அங்கே வண்டு போன்ற உருவமுள்ள ஃபோக்ஸ்வாகன் சிறு கார் 1955 ஆகஸ்டில் பத்து லட்சத்தைத் தொட்டது. அந்தக் காரே அந்த நாட்டை நிமிர்த்திய தூண்களில் ஒன்றாயிற்று. நம் நாட்டில் மாருதி சிறு கார் சாலைக்கு வர 1983 டிசம்பர் ஆயிற்று. ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று பேசப்பட்ட டாட்டா நானோ 2009-ல் வந்தது. நாயுடுவின் காரை விட்டிருந்தால் அது வென்றிருக்குமா, தோற்றிருக்குமா? சாலையில் ஓடிப் பார்த்தால் அல்லவா தெரியும்! ஓடவிடாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

வரிச் சுமையும் அவரை வாட்டியது. தாம் செய்த சாமான்களைப் பொதுஜனங்கள் முன்னிலையில் தாமே உடைத்துக் கண்டனம் தெரிவித்தார். பெற்ற பிள்ளையை அடிக்கும் தகப்பனைப் போல இருந்தது அந்தக் காட்சி. அவருடைய கோபம் நியாயம் என்றவர்களும் உண்டு. உடைத்தது தவறு என்றவர்களும் உண்டு. பிடிவாதம் அவருக்குப் பலம். சில சமயம் அதுவே பலவீனம். 1936 தேர்தலில் நின்று தோற்றவர் அவர். மனிதர்களை வளைப்பது இரும்பை வளைப்பது போல அவருக்குக் கைவரவில்லை.

சாலைக்கு வந்த பெயர்

1974 ஜனவரி 4-ந் தேதி, 80-வது வயதில், நாயுடு காலமானார். அவர் சேர்த்த யந்திரங்களும் விசித்திரப் பொருள்களும் கோவை அவினாசி சாலையில் காட்சிக்கு இருக்கின்றன. 2015-ல் அவருடைய குடும்பத்தார் அங்கே பழைய கார்களுக்கென்றே ஒரு காட்சிசாலை திறந்தார்கள். 2025 அக்டோபரில், அதே அவினாசி சாலையில், பத்து கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2,000 ரூபாய்க் காருக்குக் கிடைக்காத சாலை, அவர் பெயருக்குக் கிடைத்தது.

ஒலக்கூர்ச் சாலையில் கார்களை எண்ணிக்கொண்டு நிற்கும் பையன்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். பென்ஸும் பி.எம்.டபிள்யூ.வும் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒருவர் ஒரு காலத்தில் ஓர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார், பூட்டினார், ஓடவில்லை, மறுபடியும் பிரித்தார். அவ்வளவுதான் ரகசியம். வீட்டில் ஒரு பழைய மொபெட் துருப்பிடித்துக் கிடந்தால், அதைப் பழைய இரும்புக்காரனிடம் போடுவதற்கு முன்னால் பையன் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்துப் பாருங்கள். சட்டையில் கறை படியும், படியட்டும். கலங்கல் துரைசாமியின் கையிலும் முதலில் படிந்தது எண்ணெய்க் கறைதான்.