கழிவறைக் கட்டடத்தின் கல்லை நட்சத்திரமாக்கியவர்... யார் இந்த மிரெய் ஷிகெமோரி?

செஞ்சி பக்கம் போனால் எங்கே பார்த்தாலும் பாறைதான். சிங்கவரத்தில் அந்தப் பாறையைக் குடைந்தே ரங்கநாதரைப் பள்ளிகொள்ள வைத்தார்கள் நம்ம ஊர்ச் சிற்பிகள். ஜப்பானியத் தோட்டக் கலையில் வழி வேறு. இயற்கையாகக் கிடைத்த கல்லை அப்படியே மண்ணில் நடுவார்கள். சுற்றிலும் வெள்ளை மணலைப் பரப்புவார்கள். கல் மலையாகும், மணல் கடலாகும். பல நூற்றாண்டு பழமையான இந்தக் கலையை நவீன காலத்துக்குக் கொண்டுவந்தவர்தான் மிரெய் ஷிகெமோரி.

பெயரை மாற்றிய ஓவியர்

1896-ல் ஒகயாமா மாகாணத்தில் பிறந்தவர். இயற்பெயர் கசுவோ. டோக்கியோவில் ஓவியம் படித்தார். பிரெஞ்சு ஓவியர் மில்லே மீதான பற்றால் தன் பெயரையே மிரெய் என்று மாற்றிக்கொண்டார். பிள்ளைகளையும் விடவில்லை! காண்ட், கதே, பைரன் ஆகியோரின் பெயர்களை ஜப்பானிய உச்சரிப்பில் சூட்டினார். தோட்டக் கலையை எந்தக் குருவிடமும் கற்கவில்லை.

புயல் தந்த வேலை

1934-ல் முரோட்டோ புயல் கியோட்டோ பகுதியைப் புரட்டிப் போட்டது. பழைய தோட்டங்கள் பல சிதைந்தன. எந்தக் கல் எங்கே இருந்தது என்று பார்க்க வரைபடமே இல்லை என்றால் எப்படிச் சீரமைப்பது? ஷிகெமோரி நாடு முழுக்கச் சுற்றினார். நூற்றுக்கணக்கான தோட்டங்களை அளந்து வரைந்தார். அந்த உழைப்பு 26 தொகுதிகளாக வெளிவந்தது.

இவ்வளவு படித்தவர் பழசை நகலெடுக்கவில்லை என்பதுதான் விஷயம். முன்னோர் தங்கள் காலத்தில் புதுமை செய்தார்கள், நாமும் செய்வதே மரபு என்பது அவர் கொள்கை.

ஒரே நிபந்தனை

1939-ல் கியோட்டோவின் தோஃபுகுஜி கோயிலில் தோட்டம் அமைக்க வாய்ப்பு வந்தது. கோயில் விதித்த நிபந்தனை: பழைய பொருள் எதையும் வீணாக்கக் கூடாது. என்ன செய்தார் தெரியுமா? நடைபாதையில் கிடந்த சதுரக் கற்களைப் பாசிக்கு நடுவே சதுரங்கக் கட்டம் போலப் பதித்தார். பழைய கழிவறைக் கட்டடத்தின் 7 அடித்தளத் தூண்கற்களைச் சப்தரிஷி மண்டலமாக நிறுத்தினார். இன்று அந்தத் தோட்டத்தைப் பார்க்கவே கூட்டம் வருகிறது.

1953-ல் கிஷிவாடா கோட்டைக்குள் செடியே இல்லாத கல் தோட்டம் ஒன்றை அமைத்தார். கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால்தான் அதன் முழு வடிவம் பிடிபடும்.

வீட்டு வாசலில் மலையும் கடலும்

கோயில், கோட்டையோடு அவர் நிற்கவில்லை. வாழ்நாளில் அமைத்த சுமார் 200 தோட்டங்களில் பல, வீட்டுத் தோட்டங்கள். 1943-ல் கியோட்டோவில் வாங்கிய தன் வீட்டு முற்றத்திலும் கற்களை நட்டார்.

கல்விளக்கும் மூங்கிலும் வாங்கி வைத்துவிட்டால் ஜப்பானியத் தோட்டம் ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் நம்ம ஊரிலும் உண்டு. ஷிகெமோரி கடையிலிருந்து தொடங்கவில்லை. இருக்கிற இடத்தையும் கிடைக்கிற கல்லையும் பார்த்துத் தொடங்கினார்.

1975-ல் மட்சுவோ கோயில் தோட்டமே அவரது கடைசிப் படைப்பு. அதே ஆண்டு மறைந்தார். கியோட்டோ வீட்டின் தோட்டம் இன்று அருங்காட்சியகம். முன்பதிவு செய்துதான் பார்க்க முடியும்.