புரவலர் திரும்பினார், ஆட்டமும் முடிந்தது

1930-31 ஹேஸ்டிங்ஸ் சதுரங்கப் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவை 65 நகர்த்தல்களில் வென்றார் ஓர் இந்தியர். அவர் மீர் சுல்தான் கான். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்று, தருமபுரியில் வசிக்கும் நான் பலகையில் அடிக்கடி நகர்த்திப் பார்க்கும் ஆட்டம் அது.

பஞ்சாபின் மிட்டா திவானா கிராமத்தில் பிறந்த சுல்தான் கான், தந்தையிடம் இந்திய முறைச் சதுரங்கம் கற்றார். அம்முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். 1928-இல் அகில இந்தியப் போட்டியில் வென்றார். மறு ஆண்டு, பெருநிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். ஐரோப்பிய விதிகளுக்குப் புதியவரான அவர், சில மாதங்களிலேயே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933-லும் அப்பட்டத்தை வென்றார். மூன்று ஒலிம்பியாட் போட்டிகளில் இங்கிலாந்துக்காக முதல் பலகையில் ஆடினார்.

கபாபிளாங்கா 'குயின்ஸ் இந்தியன்' தற்காப்பை ஆடினார். சுல்தான் கானின் ஐந்தாவது நகர்த்தல், ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் முன்வைத்தது மட்டுமே. அது எதையும் தாக்கவில்லை. எதிரியின் பிஷப் பி4 கட்டத்துக்கு வந்து தன் குதிரையை முடக்குவதைத் தடுத்தது. பிற்காலத்தில் பெட்ரோசியன் கையாண்ட இந்த முறை இன்று அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

1933 இறுதியில் புரவலர் தாயகம் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். 1935-இல் காடில்கருடன் ஆடிய பத்து ஆட்டங்களில் ஒன்பதரைப் புள்ளிகள் பெற்றார். ஆயினும், உலக அரங்குக்கு அவர் மீளவேயில்லை. 1966-இல் சர்கோதாவில் மறைந்தார். ஃபிடே அமைப்பு 2024-இல்தான் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது.

ஐந்தாண்டுகூட நீடிக்காத அந்தச் சர்வதேச வாழ்வின் எல்லையை வகுத்தது அவரது திறமையன்று, புரவலரின் பயணம். அவரை அனுப்பிவைக்க அன்று இந்தியாவில் தேசியக் கூட்டமைப்பு இல்லை. அது 1951-இல்தான் உருவானது.

இன்று கூட்டமைப்பு உண்டு. ஆனால், பென்னாகரத்திலோ அரூரிலோ வெல்லும் ஒரு சிறுமிக்குப் பயிற்சிக் கட்டணமும், வெளியூர்ப் பயணச் செலவும், போட்டி நுழைவுக் கட்டணமும் வேண்டும். அவற்றை ஒரு நல்ல மனிதர் தரலாம்; அவர் நிறுத்தினால் ஆட்டமும் நின்றுவிடும். நன்கொடை நல்லது, ஆண்டுதோறும் தவறாமல் வரும் நிதி ஒதுக்கீடு அதனினும் நல்லது. திறமை எங்கும் பிறக்கும்; அது நிலைப்பது தனிமனிதரின் தயவைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.