கன்றைப் பார்த்துக் காளையை எடைபோட்டவர்

இன்று இறைச்சி மாடு வளர்க்கும் பண்ணையாளர் ஒருவர், கன்றின் வால்முடியையோ காதிலிருந்து எடுத்த சிறு திசுவையோ ஆய்வகத்திற்கு அனுப்புகிறார். அது எவ்வளவு வேகமாக வளரும், பின்னாளில் சிரமமின்றிக் கன்று ஈனுமா, அதன் இறைச்சி எப்படி இருக்கும் என்ற மதிப்பீடு சில வாரங்களில் கிடைத்துவிடுகிறது. இந்தத் தேடலை முறையாகத் தொடங்கி வைத்தவர்களுள் முக்கியமானவர் ராபர்ட் பேக்வெல். மரபணு என்ற சொல்லே அவர் காலத்தில் இல்லை.

பேக்வெல் 1725ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர்ஷியர் வட்டாரத்தில், டிஷ்லி என்ற பண்ணையில் பிறந்தார். அது ஏறக்குறைய 440 ஏக்கர் குத்தகை நிலம். இளமையில் பல பண்ணைகளுக்குப் பயணம் செய்து தொழில் கற்றார். 1760இல் தந்தை மறைந்ததும் பண்ணைப் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது.

அக்காலத்தில் காளைகளும் பசுக்களும் ஒன்றாக மேய்ந்தன. எது எதனுடன் சேர்ந்தது என்று பலர் கவனிப்பதில்லை. பேக்வெல் அவற்றைப் பிரித்து வைத்தார். தாம் விரும்பிய பண்புள்ளவற்றை மட்டும் இணைத்தார். அந்தப் பண்பு நிலைக்க வேண்டும் என்பதற்காக நெருங்கிய உறவுள்ள விலங்குகளையும் இணைத்தார். இறந்த விலங்குகளின் எலும்புக்கூடுகளையும், உப்புநீரில் பதப்படுத்திய இறைச்சித் துண்டுகளையும் வீட்டில் வைத்து, தலைமுறைக்குத் தலைமுறை ஒப்பிட்டுப் பார்த்தார்.

அவருடைய பெரிய உத்தி வாடகைதான். நல்ல செம்மறிக் கிடாக்களை விற்காமல், ஒரு பருவத்திற்கு மட்டும் பிற பண்ணைகளுக்கு வாடகைக்குக் கொடுத்தார். அங்கே பிறந்த குட்டிகளைக் கவனித்து, எந்தக் கிடா சிறந்தது என்று முடிவு செய்தார். வெளித்தோற்றம் ஏமாற்றலாம்; பிறக்கும் குட்டிகள் உண்மையைக் காட்டிவிடும். தொடக்கத்தில் சில ஷில்லிங்காக இருந்த வாடகை, பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான கினி தங்கக் காசுகளாக உயர்ந்தது. ஆனாலும் அவர் வாழ்க்கை வளமாகவே ஓடவில்லை. 1776இல் அவர் திவாலானார். அதன் பிறகும் பணியைத் தொடர்ந்தார். 1795இல் காலமானார். 1859இல் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட சார்ல்ஸ் டார்வினும் அதில் அவர் பெயரைக் குறிப்பிட்டார்.

ஆனால் பேக்வெல்லின் கதையில் ஒரு தோல்வியும் உண்டு. அவர் மேம்படுத்திய லாங்ஹார்ன் மாடுகள் விரைவில் கொழுத்தன. அதே சமயம், அவற்றின் பால் குறைந்தது. சினைபிடிக்கும் திறனும் குன்றியது. பாலும் இறைச்சியும் தந்த ஷார்ட்ஹார்ன் இனம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு பண்பை மட்டும் துரத்தியபோது மற்றவை கைநழுவிப் போயின.

2009இல் மாட்டின் முழு மரபணுத் தொகுப்பு வெளியிடப்பட்டது. இன்றைய சோதனை, ஒரு விலங்கின் மரபணுத் தொகுப்பில் ஏறத்தாழ 50,000 அடையாளப் புள்ளிகளை ஒரே நேரத்தில் படித்துவிடும். ஆனால் அந்தப் புள்ளிகள் எதைச் சொல்கின்றன என்பது எப்படித் தெரியும்? ஆயிரக்கணக்கான மாடுகளை எடைபோட்டு, அவற்றின் கன்றுகளையும் கவனித்துப் பண்ணையாளர்கள் எழுதிவைத்த பதிவேடுகளோடு ஒப்பிட்டால்தான் தெரியும். பதிவேடு பிழையானால் மதிப்பீடும் பிழையாகும். பேக்வெல் செய்த வேலை இன்னும் முடியவில்லை; காத்திருக்கும் காலம்தான் குறைந்திருக்கிறது.

அதனால் ஆபத்தும் கூடியிருக்கிறது. பேக்வெல்லின் தவறு வெளிப்படப் பல ஆண்டுகள் ஆயின. இன்று தவறான பண்பைத் தேர்ந்தெடுத்தால், அது சில தலைமுறைகளிலேயே மந்தை முழுவதும் பரவிவிடும். எனவேதான் வளர்ச்சி, ஈனும் திறன், உடல்நலம், இறைச்சித் தரம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகக் கணக்கிடும் முறை இன்று பின்பற்றப்படுகிறது. லாங்ஹார்ன் மாடுகள் அன்றே உணர்த்திய பாடம் அது.