பள்ளிக்கூடம் போகாத தலைமையாசிரியை

பள்ளிக்கூடத்துப் படியை ஒருநாளும் மிதித்தறியாத பெண்மணி ஒருவர், கல்கத்தா நகரில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடத்த முன்வந்தார். ஒரே ஆசிரியை ஒரே வேளையில் பல குழந்தைகளுக்கு எப்படிப் பாடம் சொல்ல முடியும் என்பதே அவருக்கு விளங்காத புதிராக இருந்தது. அதற்காக அவர் பின்வாங்கவில்லை. பிரம்ம சமாஜத்தாரும் இந்துக்களும் நடத்திவந்த பெண் பள்ளிகளுக்கு நேரில் சென்றார். அங்கே நடப்பதையெல்லாம் கவனித்துக் கற்றுக்கொண்டு திரும்பினார். பிறகு இருபத்தோரு ஆண்டுகள், மூச்சு அடங்கும் வரையில், அந்தப் பள்ளிக்கூடமே அவருடைய வாழ்க்கையாக இருந்தது.

அவர்தான் பேகம் ரொக்கேயா சகாவத் ஹுசேன்.

மெழுகுவர்த்திப் பாடம்

வங்காளத்தின் ரங்கப்பூர் ஜில்லாவில் பாய்ராபந்த் என்று ஒரு கிராமம். இன்று அது பங்களாதேஷில் இருக்கிறது. அங்கே பெரிய ஜமீன்தார் குடும்பத்தில் 1880-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி ரொக்கேயா பிறந்தார்.

செல்வத்துக்குக் குறைவில்லை, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும்தான் குறைவு. அந்த வீட்டில் கோஷா முறை அத்தனை கடுமை. வெளியாட்களான பெண்கள் வந்தால்கூட, ஐந்து வயதுச் சிறுமி ரொக்கேயா அவர்கள் கண்ணில் படக்கூடாது. சமையற்கட்டிலும் கட்டிலுக்கு அடியிலும் ஓடி ஒளிய வேண்டும்.

ஆண் பிள்ளைகள் கல்கத்தாவில் ஆங்கிலப் படிப்புப் படித்தார்கள். பெண்களுக்குக் குர்ஆன் ஓதத் தெரிந்தால் போதும் என்பது வீட்டின் கட்டளை. தாய்மொழியான வங்க மொழியைப் படிப்பதுகூடக் குற்றமாகக் கருதப்பட்டது. அக்காள் கரீமுன்னிஸா வங்கப் புத்தகத்தை வாசித்தாள் என்பதற்காக அவளுடைய படிப்பை நிறுத்தி, சிறு வயதிலேயே மணமுடித்து அனுப்பிவிட்டார்கள்.

தங்கைக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று நினைத்தார் அண்ணன் இப்ராகிம் சாபர். இரவில் தந்தை உறங்கிய பிறகு, மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துக்கொண்டு தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அக்காளிடம் வங்க மொழி கற்றார் ரொக்கேயா. பல ஆண்டுகளுக்குப் பின், 1924-ல் தாம் எழுதிய 'பத்மராகம்' என்ற நாவலை அந்த அண்ணனுக்கே காணிக்கையாக்கினார்.

சென்னையில் வெளியான கனவு

1898-ம் ஆண்டு வாக்கில் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் சகாவத் ஹுசேன், பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். மனைவியை இழந்தவர், வயதிலும் மிக மூத்தவர். இப்படி ஒரு சம்பந்தம் பெண்ணின் வாழ்வைக் கெடுத்துவிடும் என்றுதான் எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. மனைவி படிப்பதையும் எழுதுவதையும் பார்த்து அந்த மனிதர் மகிழ்ந்தார். மேலும் எழுதும்படி தூண்டினார்.

ஒரு சமயம் கணவர் ஊரில் இல்லாதபோது, பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார் ரொக்கேயா. திரும்பி வந்த கணவர் உட்காரக்கூட மறந்து, நின்றபடியே அதைப் படித்து முடித்தாராம். 'சுல்தானாவின் கனவு' என்ற அந்தக் கதை 1905-ல் நம் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய ஆங்கிலப் பெண்கள் பத்திரிகையில் வெளிவந்தது.

அந்தக் கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் கோஷாவில் இருக்கிறார்கள்; பெண்கள் ராஜ்யத்தை ஆளுகிறார்கள். சூரிய வெப்பத்தைக் கொண்டு சமைக்கிறார்கள். ஆகாய வண்டியில் பறக்கிறார்கள். இத்தனையும் எதனால் வந்தது? அந்த நாட்டு ராணி பெண்களுக்குப் பள்ளிகளும் சர்வகலாசாலைகளும் ஏற்படுத்தியதால் வந்தது. வேடிக்கைக் கதைதான், ஆனால் எழுதியவரின் மனம் எங்கே இருந்தது என்பதை அது காட்டிவிட்டது.

கணவர் ஒதுக்கிய பணம்

இல்லறம் நீடிக்கவில்லை. பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் கைக்குழந்தைகளாகவே இறந்தன. கணவர் நோய்வாய்ப்பட்டு 1909-ம் ஆண்டு மே மாதம் காலமானார். அப்போது ரொக்கேயாவுக்கு வயது இருபத்தெட்டு.

கணவர் ஒரு காரியம் செய்துவிட்டுப் போயிருந்தார். முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைப்பதற்கென்று பத்தாயிரம் ரூபாயைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அது சிறிய தொகையல்ல. துக்கம் ஆறுவதற்கு முன்பே, அதே ஆண்டு அக்டோபரில், பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார் ரொக்கேயா. கணவரின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

மூத்த தாரத்து மகளும் மருமகனும் சொத்துத் தகராறு கிளப்பினார்கள். பாகல்பூரில் இருக்க முடியாத நிலை. 1910-ல் அவர் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். 1911-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி, வலியுல்லா சந்தில் ஒரு வாடகை வீட்டில், எட்டு மாணவிகளோடு சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி மறுபடி பிறந்தது.

அத்துடன் சோதனை தீரவில்லை. பர்மா வங்கி முறிந்தது. பள்ளிக்கென்று அதில் போட்டு வைத்த பணமும் போயிற்று. அம்மையார் கலங்கினாலும் பள்ளியை மூடவில்லை. தமக்கென்று இருந்ததையும் பள்ளிக்கே செலவிட்டார்.

இருட்டு வண்டி

பணத்தைவிடக் கிடைத்தற்கு அரியதாக இருந்தவர்கள் மாணவிகள். அம்மையார் பர்தா அணிந்து வீடு வீடாக ஏறி இறங்கினார். பெண்ணைப் படிக்க அனுப்புங்கள் என்று தாய்மாரிடம் மன்றாடினார். இளம் விதவை ஒருத்தி பள்ளிக்கூடம் என்று சொல்லித் தன் அழகை விளம்பரம் செய்கிறாள் என்று வாய் கூசாமல் தூற்றியவர்களும் உண்டு.

பயிற்சி பெற்ற முஸ்லிம் ஆசிரியைகள் கல்கத்தாவில் இல்லை. சென்னை, கயா, ஆக்ரா முதலிய ஊர்களிலிருந்து ஆசிரியைகளை வரவழைத்தார். முஸ்லிம் பெண்களுக்கென்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று சர்க்காரை இடைவிடாமல் வற்புறுத்தினார். 1919-ல் கல்கத்தாவில் அது ஏற்பட்டது.

பெண்கள் தெருவில் நடந்து வரக்கூடாதே! ஆகவே வண்டி வேண்டும். பள்ளிக்கு மோட்டார் பஸ் ஒன்று வந்தது. கோஷா கெடாதபடி நாலு பக்கமும் அடைத்த வண்டி அது. உச்சியில் சிறு வலைத்துவாரம் மட்டும் உண்டு. முதல் நாளே இருட்டிலும் புழுக்கத்திலும் சிறுமிகள் அழுதார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள். சிலர் மயங்கி விழுந்தார்கள். உடனே பக்கங்களைத் திறந்து திரைச்சீலை தொங்கவிட்டார்கள். அதற்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன! காற்றில் திரை அசைகிறதாம், கோஷா கெடுகிறதாம், திருத்தாவிட்டால் பத்திரிகைகளில் எழுதிப் பள்ளியின் பெயரைக் கெடுத்துவிடுவார்களாம்.

அடைத்தால் குழந்தைகள் மூர்ச்சையாகிறார்கள். திறந்தால் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அம்மையாரின் காலம் கழிந்தது. இந்தக் கொடுமைகளையெல்லாம் தொகுத்து 1931-ல் 'அவரோத வாசினி' என்ற நூலாகவே வெளியிட்டார்.

அவர் பேனா கோஷாவின் கொடுமையைச் சாடியது. அவரோ பர்தா அணிந்தே வெளியில் சென்றார். இது முரண்பாடல்லவா என்று கேட்கலாம். தம் கொள்கைக்காக முகத்திரையை வீசி எறிந்திருந்தால் அவருக்குப் புகழ் வந்திருக்கும். பள்ளிக்கூடம் ஒரே நாளில் காலியாகியிருக்கும். புகழ் வேண்டுமா, பிள்ளைகள் வேண்டுமா? பிள்ளைகளே வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். அந்தப் பிள்ளைகள் படித்துவிட்டால், திரையைப் பற்றி அவர்களே முடிவு செய்துகொள்வார்கள் அல்லவா?

1915-க்குள் மாணவிகளின் தொகை 84 ஆக உயர்ந்தது. குர்ஆனைப் பொருளுணர்ந்து ஓதுவதோடு, ஆங்கிலம், உருது, பார்சி, தையல், சமையல், முதலுதவி, தேகப்பயிற்சி எல்லாம் கற்பிக்கப்பட்டன. அம்மையார் மறைவதற்கு முன்பே அது ஹைஸ்கூலாக உயர்ந்துவிட்டது.

ஏழைகளின் சங்கம்

பள்ளிக்கு வர இயலாத பெண்கள் என்ன ஆவது? 1916-ல் முஸ்லிம் பெண்களுக்காக 'அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம்' என்ற சங்கத்தை நிறுவினார். ஆதரவற்ற விதவைகளுக்குப் பண உதவி, ஏழைப் பெண்களுக்குத் திருமணம், சேரிப் பெண்களுக்கு எழுத்தறிவு ஆகியவை அதன் பணிகள்.

முதலில் சங்கம் என்றால் என்னவென்று அந்தப் பெண்களுக்கு விளங்கவில்லை. ஒரு சீமாட்டியை மிகவும் வருந்தி அழைத்து வந்தார்களாம். கூட்டம் முடிந்து எல்லாரும் புறப்படும் வேளையில், சபை சபை என்றீர்களே, கடைசிவரை அதைக் கண்ணில் காட்டவில்லையே என்று அவர் குறைப்பட்டுக்கொண்டாராம்! நகைப்புக்கு இடமான செய்திதான். ஆனால் எத்தகைய நிலத்தில் அம்மையார் உழுதார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நின்ற பேனா

1932-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி இரவு வெகுநேரம் வரை அம்மையார் எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள், தாம் பிறந்த அதே டிசம்பர் 9-ந் தேதி, காலமானார். வயது ஐம்பத்திரண்டு. மேஜையின் மேல் முடிவு பெறாத கட்டுரை ஒன்று கிடந்தது. பெண்ணின் உரிமை என்பது அதன் பொருள்.

இன்று பங்களாதேஷில் டிசம்பர் 9-ஐ ரொக்கேயா தினமாகக் கொண்டாடுகிறார்கள். ரங்கப்பூரில் அவர் பெயரால் சர்வகலாசாலை இருக்கிறது. எட்டுப் பேரோடு அவர் தொடங்கிய பள்ளி, சர்க்கார் பெண்கள் உயர்நிலைப் பள்ளியாகக் கல்கத்தாவில் இன்றும் நடக்கிறது. கல்கத்தாவை அடுத்த சோதேபூரில் அவரை அடக்கம் செய்தார்கள். பின்னாளில் அந்த இடத்தைத் தேடிக் கண்டறிந்தபோது, அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது.