97 பேர் இருந்தும் பதவி இழந்தவர், 19 பேரோடு முதல்வரானவர்: பட்டம் தாணுப் பிள்ளையின் கதை

திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவரா நீங்கள்? இல்லை, ஒரு இன்டர்வியூவுக்காவது போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தப் பெயரைக் கடந்திருப்பீர்கள். தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி, டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டத்துக்கு பஸ் ஏறினால், பாளையம் தாண்டியதும் ‘பட்டம்’ என்று ஒரு ஸ்டாப் வரும். அது ஒரு பகுதியின் பெயர். அந்தப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டவர் ஏ. தாணுப் பிள்ளை.

திருவிதாங்கூரின் பிரதமர், திருவிதாங்கூர்-கொச்சியின் முதல்வர், கேரளத்தின் முதல்வர், பிறகு இரண்டு மாநிலங்களின் ஆளுநர். பட்டியல் பிரமாதமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அவர் அரசு நடத்திய மூன்று முறையும் பதவிக்காலத்தை முழுசாக முடிக்கவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கான பதில், நாம் இன்றைக்கும் தேர்தல் முடிந்ததும் பார்க்கும் ஒரு செய்தியைப் புரிய வைக்கும்: சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்வு.

சட்டமன்றக் கட்சித் தலைவர் என்றால் யார்?

ஒரு கட்சியின் எம்.எல்.ஏ.க்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் சட்டமன்றக் கட்சி. அவர்கள் கூடி ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தால், அவரை ஆளுநர் முதல்வராக நியமிப்பார். கட்சியின் மாநிலத் தலைவர் வேறு, இவர் வேறு. இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல்வரை ஆளுநர் நியமிப்பார் என்கிறது அரசியலமைப்பின் 164-வது பிரிவு. அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு என்றும் சொல்கிறது. ஆனால் எம்.எல்.ஏ.க்கள் எப்படித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ரகசிய வாக்கெடுப்பா, கை தூக்குவதா, டெல்லியிலிருந்து வரும் பார்வையாளர் கேட்டுச் சொல்வதா என்பதெல்லாம் அதில் இல்லை. சட்டமன்றக் கட்சி என்ற சொல்லே 1985-ல், கட்சித் தாவல் தடைக்காகப் பத்தாவது அட்டவணை வந்தபோதுதான் உள்ளே நுழைந்தது.

அதாவது, ஒரு மாநிலத்தை யார் ஆளப் போகிறார் என்பதை முடிவு செய்யும் அந்தக் கூட்டத்துக்கு எழுதப்பட்ட விதி கிடையாது. கட்சிகளின் வழக்கம்தான் விதி. அந்த வழக்கம் உருவான காலத்து மனிதர் தாணுப் பிள்ளை.

வக்கீல் எப்படித் தலைவரானார்?

1885 ஜூலை 15-ல் பிறந்தவர். சட்டம் படித்து வக்கீலானார். அப்போது திருவிதாங்கூர் ஒரு சமஸ்தானம். மகாராஜா இருந்தார், அவருக்குக் கீழே திவான் இருந்தார். சட்டசபை என்று ஒன்று இருந்தாலும், ஆட்சி அதற்குக் கட்டுப்பட்டதில்லை.

1938-ல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் தாணுப் பிள்ளை. உடன் நின்ற இரண்டு பெரிய தலைவர்கள் சி. கேசவன், டி.எம். வர்கீஸ். கோரிக்கை ஒன்றுதான்: மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குப் பதில் சொல்லும் அரசு வேண்டும். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சி இவர்களைச் சிறையில் தள்ளியது. இந்தியா சுதந்திரம் அடையும் நேரத்தில் திருவிதாங்கூரைத் தனி நாடாக்கப் பார்த்த சர் சி.பி., 1947 ஆகஸ்ட்டில் பதவியை விட்டுப் போனார். அடுத்த மாதமே பொறுப்பாட்சி தருவதாக மகாராஜா அறிவித்தார்.

முதல் பாடம்: 97 பேர் இருந்தும் எப்படிப் பதவி போனது?

வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை தந்து 1948 தொடக்கத்தில் தேர்தல் நடந்தது. 120 இடங்களில் ஸ்டேட் காங்கிரஸுக்கு 97. மார்ச் 24-ல் தாணுப் பிள்ளை பிரதமரானார். ஆமாம், சமஸ்தானத்தில் அந்தப் பதவிக்குப் பிரதமர் என்றுதான் பெயர். அவரோடு கேசவனும் வர்கீஸும் அமைச்சர்கள். பத்து வருஷம் ஒன்றாகப் போராடிய மூன்று பேர், ஒரே அமைச்சரவையில்.

கணக்குப்படி அசைக்கவே முடியாத அரசு. ஆனால் அக்டோபரில் கதை முடிந்துவிட்டது. ஏழு மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

கவிழ்த்தது எதிர்க்கட்சி இல்லை. சொந்தக் கட்சி உறுப்பினர்களே அவர் மீது நம்பிக்கை இழந்தார்கள். அவர் விலக, பரவூர் டி.கே. நாராயண பிள்ளை அந்த இடத்துக்கு வந்தார். அந்த 97 பேரும் காங்கிரஸோடுதான் இருந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பான்மை இவரோடு இல்லை. கட்சியின் பெரும்பான்மையும் தலைவரின் பெரும்பான்மையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

மனம் கசந்த தாணுப் பிள்ளை காங்கிரஸை விட்டு வெளியேறி, சோஷலிஸ்டுகள் பக்கம் போனார்.

இரண்டாவது பாடம்: 19 பேரோடு எப்படி முதல்வராக முடியும்?

1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. அங்கே 1954-ல் நடந்த தேர்தலின் எண்களைப் பாருங்கள். மொத்தம் 117 இடங்கள்.

- காங்கிரஸ்: 45
- கம்யூனிஸ்ட் கட்சி: 23
- பிரஜா சோஷலிஸ்ட் கட்சி: 19
- திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்: 12
- மற்றவை ஆர்.எஸ்.பி., சுயேச்சைகள்

பெரும்பான்மைக்கு 59 வேண்டும். யாரிடமும் இல்லை. கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்று நினைத்த காங்கிரஸ், வெளியிலிருந்து பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு ஆதரவு தந்தது. 45-ம் 19-ம் சேர்ந்தால் 64. மார்ச் 16-ல் தாணுப் பிள்ளை முதல்வர்.

அதே மார்ச் மாதக் கடைசியில் சென்னையிலும் ஒரு தேர்வு நடந்தது. காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்கு காமராஜரும் சி. சுப்பிரமணியமும் மோதினார்கள். காமராஜருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41. தோற்றவரையே தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார் காமராஜர். ஒன்பது வருஷம் முதல்வராக இருந்தார்.

காமராஜரின் பலம் சொந்தக் கட்சிக்காரர்கள் போட்ட வாக்கு. தாணுப் பிள்ளையின் பலமோ இன்னொரு கட்சி கொடுத்த கடன். கடன் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம், இல்லையா? கேட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று நடந்துவிட்டது.

1954 ஆகஸ்ட் 11 ஏன் முக்கியம்?

நீங்கள் கன்னியாகுமரி மாவட்டக்காரர் என்றால் இந்தத் தேதியை வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தமிழர்கள் அதிகம் வாழும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக்கொண்டிருந்தது. தாணுப் பிள்ளை அரசு அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 11-ல் போராட்டக்காரர்கள் மீது புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. உயிர்கள் போயின.

இப்போது அந்தப் பழைய வக்கீலை நினைத்துப் பாருங்கள். மக்களுக்குப் பதில் சொல்லும் அரசு வேண்டும் என்று கேட்டுச் சிறைக்குப் போனவர். அவரே முதல்வராக இருக்கும்போது, தங்கள் நிலம் எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்று கேட்ட மக்கள் மீது குண்டு பாய்கிறது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இப்போது அவரே இருக்கிறார்.

பதில் கேட்டது அவருடைய கட்சிக்குள்ளிருந்தே வந்த ஒரு குரல். பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் அகில இந்தியப் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, தாணுப் பிள்ளை அரசு பதவி விலக வேண்டும் என்று கோரினார். நிராயுதபாணிகளான மக்களைச் சுடும் அரசு சோஷலிஸ்ட் அரசாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். தாணுப் பிள்ளை மறுத்துவிட்டார். நவம்பரில் நாக்பூரில் நடந்த கட்சி மாநாட்டில் இது பெரிய விவாதமானது. பெரும்பான்மை லோகியாவின் பக்கம் நிற்கவில்லை. அவர் பொதுச்செயலாளர் பதவியை விட்டார். பிற்பாடு தனிக்கட்சியே தொடங்கினார். ஒரு மாநிலத்தில் 19 எம்.எல்.ஏ.க்களின் தலைவர் எடுத்த முடிவு, ஒரு தேசியக் கட்சி உடையக் காரணமானது.

இங்கேதான் அசல் கேள்வி இருக்கிறது. சட்டமன்றக் கட்சித் தலைவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்களுக்கா, கட்சித் தலைமைக்கா, ஆதரவு தரும் கட்சிக்கா, மக்களுக்கா? தாணுப் பிள்ளை தன் கட்சியின் பொதுச்செயலாளருக்குப் பணியவில்லை. ஆனால் பதவியும் நிலைக்கவில்லை. 1955 பிப்ரவரியில், காங்கிரஸின் ஆதரவு போனதும் அரசு கவிழ்ந்தது. பதினொரு மாதம்.

புதுக்கடையில் உயிர்விட்டவர்கள் கேட்டது பின்னால் நடந்தது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்கு வந்தன. மீதித் திருவிதாங்கூர்-கொச்சியும் மலபாரும் காசர்கோடும் சேர்ந்து கேரளம் ஆனது.

மூன்றாவது பாடம்: ஆளுநர் பதவி பரிசா, பதவி நீக்கமா?

கேரளத்தின் முதல் அரசு, இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு. அது 1959 ஜூலை 31-ல் கலைக்கப்பட்டது. 1960 தேர்தலில் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் மூன்றும் கைகோர்த்தன. 126 இடங்களில் காங்கிரஸுக்கு 63, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 20, லீகுக்கு 11. கூட்டினால் 94.

காங்கிரஸிடம் சரியாகப் பாதி. இன்னும் ஒரே ஒரு இடம் இருந்திருந்தால் தனிப் பெரும்பான்மை. ஆனாலும் முதல்வர் நாற்காலி 20 பேரின் தலைவருக்குப் போனது. தாணுப் பிள்ளைக்கு அப்போது 74 வயது. காங்கிரஸின் ஆர். சங்கர் துணை முதல்வர்.

63 பேர் உள்ள கட்சி 20 பேர் உள்ள கட்சிக்குப் பின்னால் எத்தனை நாள் உட்காரும்? 1962 மே மாதம் டாக்டர் ராதாகிருஷ்ணன் புதிய குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். ஆளுநர்களை நியமிப்பது குடியரசுத் தலைவர்தான். ஆனால் முடிவு மத்திய அரசுடையது. அன்று பிரதமர் நேரு, ஆண்டது காங்கிரஸ். செப்டம்பரில் தாணுப் பிள்ளை பஞ்சாப் ஆளுநராக நியமிக்கப்பட்டார். அவரும் ஏற்றுக்கொண்டார். மாலை போட்டு வழியனுப்பி நாற்காலியைக் காலி செய்த ஏற்பாடு என்றுதான் கேரள அரசியலில் இதைப் பேசுவார்கள்.

செப்டம்பர் 26-ல் சங்கர் முதல்வரானார். கேரள மாநிலத்தின் முதல் காங்கிரஸ் முதல்வர் அவர்தான். தலைவரை இழந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, அடுத்த சில வாரங்களில் அரசிலிருந்தே வெளியேறியது. இந்த முறை தாணுப் பிள்ளையை யாரும் வாக்கெடுப்பில் தோற்கடிக்கவில்லை. சட்டமன்றத்துக்கு வேலையே இல்லாமல் ஒரு முதல்வர் மாறினார்.

சங்கராவது நிம்மதியாக இருந்தாரா? இல்லை. 1964 செப்டம்பரில் அவருடைய கட்சியின் 15 எம்.எல்.ஏ.க்களே எதிர்ப்பக்கம் சேர, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசு விழுந்தது. 1948-ல் தாணுப் பிள்ளைக்கு நடந்தது, பதினாறு வருஷம் கழித்து சங்கருக்கு நடந்தது. அந்தப் பிளவிலிருந்துதான் கேரள காங்கிரஸ் பிறந்தது.

பஞ்சாபுக்குப் பிறகு ஆந்திரப் பிரதேச ஆளுநராக 1968 வரை இருந்தார் தாணுப் பிள்ளை. 1970 ஜூலை 27-ல், 85 வயதில் காலமானார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

அடுத்த முறை ஏதாவது ஒரு மாநிலத்தில் சட்டமன்றக் கட்சித் தலைவர் ஒருமனதாகத் தேர்வு என்று போனில் நோட்டிஃபிகேஷன் வரும். எத்தனை எம்.எல்.ஏ.க்கள் என்ற எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, அந்த எம்.எல்.ஏ.க்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்களா, இல்லை மேலே எடுத்த முடிவுக்குக் கை தூக்கினார்களா? இரண்டு, அவருடைய பெரும்பான்மையில் எவ்வளவு சொந்தம், எவ்வளவு கடன்? மூன்று, அவருடைய போலீஸ் தவறு செய்தால் பதில் கேட்கும் தைரியம் அவர் கட்சியில் யாருக்காவது இருக்கிறதா?

97, 19, 20. தாணுப் பிள்ளை தலைமை தாங்கிய எண்கள் இவை. மூன்றுமே அவரை முதல் நாற்காலியில் உட்கார வைத்தன. ஒன்றுகூட அவரை அங்கே தக்கவைக்கவில்லை. முதல் இரண்டு கேள்விகள் அவருடைய பதவியைப் பற்றியவை. மூன்றாவது கேள்வி புதுக்கடைக்காரர்களுடையது. அதைக் கேட்ட ஒரே பெரிய தலைவர், கடைசியில் கட்சிக்கு வெளியே நின்றார்.

தம்பானூரிலிருந்து வடக்கே போகும் பஸ் பட்டத்தில் நிற்கும். தெற்கே நாகர்கோவில் போகும் பஸ் மார்த்தாண்டத்தில் நிற்கும். இரண்டு பஸ்ஸிலும் நம்மில் பலர் தினமும் போய் வருகிறோம்.