உமறுப்புலவர்

மாணவர்களே, உமறுப்புலவர் பற்றிய வினா வந்தால் சீறாப்புராணம் பாடியவர், சீதக்காதியால் ஆதரிக்கப்பட்டவர் என்ற இரு வரிகளோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். அவர் எடுத்துக்கொண்ட கதை எத்துணை கடினமானது என்பதையும் விடையில் காட்ட வேண்டும்.

இவரது காலத்தைப் பொதுவாக 1642 - 1703 எனக் கொள்வர். எட்டயபுர அரசவைப் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றார். ஆசிரியர் இந்து, மாணவர் முஸ்லிம் என்பதால் அங்கு யாதொரு தடையும் இருக்கவில்லை. பின்னர் இவரும் அவ்வவையில் புலவரானார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி, நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடும்படி இவரை வேண்டினார். வரலாறு அரபு நூல்களில் இருந்தது. மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பா முதலில் உதவத் தயங்கினார் என்றும், பின்னர் பரங்கிப்பேட்டை லெப்பை அலி ஹாஜியார் மூலம் புலவர் கதையைக் கேட்டறிந்தார் என்றும் வழிவழியாகக் கூறுவர். நூல் முடியுமுன் சீதக்காதி காலமாக, அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவளித்தார்.

நூல் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களையும் 5,000இற்கு மேற்பட்ட பாடல்களையும் கொண்டது. அரபு நாட்டைப் பாடும்போதும் மழையையும் வயலையும் பாடித் தமிழ்க் காப்பிய மரபைப் பேணுகிறார். இதனைப் பலரும் எழுதுவர். போர்ப் பகுதியையோ பெரும்பாலும் விட்டுவிடுவர்.

மக்காவில் நபிகள் நாயகத்தை எதிர்த்தவர்கள் அந்நியர் அல்லர். அவரது குறைஷிக் குலத்தவரே. அபூலஹப் அவருடைய சிறிய தந்தை. சிலை வணக்கத்தை விடுவது முன்னோர் வழியை விடுவதாகும் என அவர்கள் கருதினர். கஃபாவுக்கு வரும் யாத்திரிகரால் கிடைத்த வருவாயும் மதிப்பும் அதனோடு சேர்ந்திருந்தன. துன்புறுத்தல் பெருகியதால் 622இல் முஸ்லிம்கள் மதீனாவுக்குப் பெயர்ந்தனர். 624இல் பத்ரு களத்தில் ஏறத்தாழ 313 முஸ்லிம்கள் மக்காவின் 1,000 பேர் வரையான படையை வென்றனர். அங்கே உத்பா மக்கா அணியில் நின்று மாண்டார். அவர் மகன் அபூஹுதைஃபா முஸ்லிம் அணியில் நின்றார். நபிகளாரின் மற்றொரு சிறிய தந்தையாகிய அப்பாஸ் எதிரணியில் வந்து சிறைப்பட்டார். அடுத்த ஆண்டு உஹுதில், வில்லாளர் காவலிடத்தை விட்டு இறங்கியதால் நிலைமை மாறியது, ஹம்ஸா கொல்லப்பட்டார். பாரதப் போரைப் படித்த மாணவருக்கு இவ்வுறவுச் சிக்கல் புதிதன்று.

இவ்விரு போர்களையும் உமறு ஹிஜ்ரத்துக் காண்டத்தில் தனித்தனிப் படலங்களாகப் பாடினார். எனினும், எதிரி என்றும் எதிரியாகவே இருப்பான் என்று அவர் காட்டவில்லை. நபிகளாரைக் கொல்ல வாளோடு புறப்பட்ட உமர் கத்தாப், தம் சகோதரி வீட்டில் குர்ஆன் வசனம் கேட்டு மனம் மாறியதை நுபுவ்வத்துக் காண்டத்தில் விரிவாகப் பாடுகிறார். புலவர் பெயரும் அதுவே என்பதைக் கவனியுங்கள். என் கருத்தில், போர்ப் படலங்களை விட இப்படலமே அவரது திறமைக்குச் சிறந்த சான்று.

சீறாப்புராணம் முற்றுப்பெறவில்லை. 630இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டதும், பழைய பகைவர் பலர் மன்னிக்கப்பட்டதும் உமறு பாடிய பகுதியில் இல்லை. அவற்றை அவர் பாடியதாக எழுதினால் புள்ளி குறையும். எஞ்சிய வரலாற்றைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறா என்னும் நூலாகப் பாடினார். உமறுவின் நூல் 1842இல் அச்சேறியது. அவரது அடக்கத்தலம் எட்டயபுரத்தில் உள்ளது.