பேட்ரிக் கெடிஸ்

சர் பேட்ரிக் கெடிஸ் (அக்டோபர் 2, 1854 – ஏப்ரல் 17, 1932) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளரும் சமூகவியலாளரும் நகரத் திட்டமிடல் முன்னோடியும் ஆவார். ஒரு நகரை மாற்ற முனைவோர் முதலில் அதன் தெருக்களில் நடந்து அதனை அறிய வேண்டும் என்பதும், அந்த அறிதலில் மாணவரும் பொதுமக்களும் பங்குகொள்ள வேண்டும் என்பதும் இவரது அடிப்படைக் கருத்துகள். பேண்தகு வளர்ச்சி என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே இவர் இவ்வழியில் செயற்பட்டார். தஞ்சாவூர், மதுரை உட்பட இந்திய நகரங்கள் பலவற்றுக்கு இவர் அறிக்கைகள் எழுதியுள்ளார்.

இளமை

கெடிஸ் பாலட்டர் என்னும் ஊரில் பிறந்து, பெர்த் நகருக்கு அருகே வளர்ந்தார். லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பிற்காலத்தில் இரண்டு பேராசிரியப் பதவிகளை வகித்த இவர், மாணவராக இருந்து பட்டம் எதுவும் பெறவில்லை. 1879ஆம் ஆண்டு ஆய்வுக்காக மெக்சிக்கோ சென்றபோது சில காலம் பார்வையை இழந்தார். பார்வை மீண்டாலும் நுண்நோக்கியில் நெடுநேரம் பணிபுரிவது கடினமாயிற்று. இதன்பின் இவரது கவனம் மனித சமூகத்தின் பக்கம் திரும்பியது.

எடின்பரோ

1886இல் அன்னா மார்ட்டனை மணந்தார். எடின்பரோவின் வசதி படைத்தோர் புதிய நகர்ப்பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட, பழைய நகரின் உயரமான அடுக்கு வீடுகள் ஏழைகளின் நெரிசலான குடியிருப்புகளாகியிருந்தன. கெடிஸ் தம்பதியர் அப்பகுதியிலேயே ஜேம்ஸ் கோர்ட் என்னும் இடத்தில் குடியேறினர். அண்டை வீட்டாருடன் சேர்ந்து சுவர்களுக்கு வண்ணம் பூசினர், முற்றங்களைத் துப்புரவு செய்தனர், செடிகள் வளர்த்தனர். 1887இல், மாணவர்கள் தாமே நிருவகிக்கும் விடுதி ஒன்றையும் கெடிஸ் அங்கு தொடங்கினார். பழைய கட்டிடங்களை வாங்கிப் புதுப்பிப்பதில் கடன் பெருகியது. 1896இல் அவற்றைக் கவனிக்க நண்பர்கள் ஒரு நிறுவனம் அமைக்க வேண்டியதாயிற்று. கணக்கு வழக்கில் இவர் திறமையானவர் அல்லர்.

1892இல் கோட்டைக்கு அருகிலிருந்த ஒரு கட்டிடத்தை அவுட்லுக் கோபுரம் என்ற பெயரில் கல்விக்கூடமாக்கினார். அதன் உச்சியிலிருந்த இருட்டறையில், ஆடியும் வில்லையும் வெளியே நடமாடும் நகரை ஒரு வெண்மேசை மீது படமாக விழச் செய்தன. பார்வையாளர் முதலில் இதைக் கண்டு, பின் மாடி மாடியாகக் கீழிறங்குவர். எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, இறுதியில் உலகம் என்ற வரிசையில் காட்சிகள் அமைந்திருந்தன. தன் ஊரில் தொடங்கி உலகை அறிவது என்பதே அதன் முறை.

இந்தியாவில்

சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் கெடிஸ் 1914இல் இந்தியா வந்தார். இவரது நகரக் கண்காட்சியின் வரைபடங்களையும் படங்களையும் ஏற்றி வந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. (அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசி, தமிழ்ப் பேச்சு வழக்கிலும் நிலைத்துவிட்ட எம்டன்தான் இது.) பல ஆண்டுச் சேகரிப்பு அழிந்தபோதும் நண்பர்கள் புதிய படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது.

அக்காலத்தில் நெரிசலான பகுதிகளை இடித்து நேரான அகலச் சாலை போடுவதே சுகாதாரச் சீர்திருத்தம் எனக் கருதப்பட்டது. வீடிழந்தோர் அடுத்த தெருவில் ஒண்ட, நெரிசல் அங்கு இடம் மாறியது. தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நகராட்சி முன்வைத்த சாலைத் திட்டத்தை கெடிஸ் இக்காரணத்தால் எதிர்த்தார். வீடு வீடாகப் பார்த்து, பாழடைந்தவற்றை மட்டும் நீக்கி, கிடைத்த இடத்தில் மரம் நட்டு, சந்துகளைச் சற்றே விரித்தால் போதும். செலவும் மிகக் குறையும் என்று காட்டினார். இம்முறைக்குக் காக்கும் அறுவை மருத்துவம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் இவர் ஏற்கவில்லை. மீனும் வாத்தும் கொசுப்புழுக்களைத் தின்றுவிடும் என்பது இந்த உயிரியலாளரின் விடை.

1917ஆம் ஆண்டு இவருக்குப் பெருந்துயராய் அமைந்தது. ஏப்ரலில் மூத்த மகன் அலஸ்டேர் போர்க்களத்தில் இறந்தார். நோயுற்றிருந்த மனைவியிடம் கெடிஸ் அச்செய்தியைக் கூறவில்லை. ஜூன் மாதம் கல்கத்தாவில் அவரும் காலமானார்.

இதன்பின் இந்தூர் சமஸ்தானத்துக்கு இவர் எழுதிய அறிக்கை 1918இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. கொள்ளைநோய் பரவியிருந்த அந்நகரில் தீபாவளி ஊர்வலத்தையே பாடமாக்கினார். நன்கு துப்புரவு செய்யப்பட்ட தெருக்கள் வழியாகவே ஊர்வலம் செல்லும் என அறிவிக்கப்பட்டது. மக்கள் போட்டியிட்டுத் தெருக்களைச் சுத்தம் செய்தனர். ஊர்வலத்தில் நோய் பரப்பும் எலியின் பேருருவம் ஒன்றும் இடம்பெற்றது.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறையின் பேராசிரியரானார். இந்தியச் சமூகவியலின் முன்னோடிகளுள் ஒருவரான ஜி. எஸ். குர்யே இவரது மாணவர். அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் மம்ஃபோர்டும் இவரைத் தம் ஆசானாகக் கொண்டவர்.

இறுதிக் காலம்

1924இல் உடல்நலம் குன்றியதால் இந்தியாவை விட்டு நீங்கி, பிரான்சின் மோன்பெலியே நகரில் ஒரு கல்லூரியை நிறுவினார். 1925இல் டெல் அவிவ் நகருக்கு இவர் அளித்த திட்டம் பெருமளவு நிறைவேறியது. இந்திய அறிக்கைகளுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. பல கோப்புகளிலேயே தங்கின. கெடிஸின் உரைநடை சுற்றி வளைப்பது என்பதும் இதற்கு ஓரளவு காரணமாகலாம். 1932இல் சர் பட்டம் பெற்று, சில வாரங்களில் மோன்பெலியேவில் காலமானார். இந்திய அறிக்கைகளின் தெரிந்தெடுத்த பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் தொகுத்து 1947இல் லண்டனில் நூலாக வெளியிட்டார்.